நின்டென்டோ 64-ஐக் கையடக்கமாக்க: கரன்ட் சரியா என்று முதலில் பாருங்கள்

நின்டென்டோ 64 என்ற பழைய வீடியோ கேம் கருவி கேட்பது இரண்டு சப்ளை: 3.3 வோல்ட் (2.7 ஆம்பியர்), 12 வோல்ட் (0.8 ஆம்பியர்). இரண்டு 18650 செல்களை (உருளை வடிவ லித்தியம்-அயன் பேட்டரி) சீரியஸில் சேர்த்து, பாதுகாப்பு போர்டு போடுங்கள். 3.3-க்கு 5 ஆம்பியர் தாங்கும் பக் கன்வெர்ட்டர் (வோல்ட்டேஜைக் குறைப்பது), 12-க்கு பூஸ்ட் கன்வெர்ட்டர் (உயர்த்துவது). பக் கன்வெர்ட்டரின் ட்ரிம்பாட்டை (வோல்ட்டேஜைச் சரிசெய்யும் குட்டித் திருகு) திருகி, மல்டிமீட்டர் 3.3 காட்டிய பிறகே கேம் கருவியின் போர்டில் இணையுங்கள். வோல்ட்டேஜ் எகிறினால் சிப் போச்சு. கேம் ஓடும்போது போர்டின் முனையிலேயே மறுபடி அளக்கவும். வயர் மெல்லியதென்றால் வோல்ட்டேஜ் அங்கே இறங்கி, கேம் பாதியில் உறைந்துவிடும்.

மெமரி ஸ்லாட்டில் ஜம்பர் பாக்கோ (கூடுதல் மெமரி இல்லாத இணைப்புத் துண்டு) எக்ஸ்பான்ஷன் பாக்கோ (கூடுதல் மெமரி) செருகாமல் படமே வராது. இதை மறந்துவிட்டு சால்டரிங்கைக் குறை சொல்பவர்கள் உண்டு.

பொறுமையைச் சோதிப்பது கார்ட்ரிட்ஜ் ஸ்லாட்டை இடம் மாற்றும் வேலைதான்: வயர்கள் முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும். பழைய உலோகத் தகட்டைக் கழற்றினால் சிபியு, ஆர்சிபி (படத்தையும் ஒலியையும் உருவாக்கும் சிப்), மெமரி மேல் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் ஒட்டியே ஆகவேண்டும்.