பழைய டெக்ஸ்ட் கேமுக்கு மோட் போடறீங்களா? பழைய ஆளுங்க ஓடிப்போகாம இருக்க இதெல்லாம் பண்ணாதீங்க

மட் கேம் ஆடினவங்களுக்கு அறிமுகம் தேவையில்ல, மத்தவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். 1978ல இங்கிலாந்து எஸ்ஸெக்ஸ் யூனிவர்சிட்டில ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் ஆரம்பிச்சு வச்சது, படமே கிடையாது, ரூம், சண்டை, அரட்டை எல்லாம் வெறும் எழுத்துதான், பல பேர் ஒரே உலகத்துக்குள்ள ஒரே நேரத்துல விளையாடலாம். 1991ல கோபன்ஹேகன் யூனிவர்சிட்டி ஸ்டூடண்ட்ஸ் அஞ்சு பேர் வெளியிட்ட டிக்கு மட் கோடுலேருந்து கிளை கிளையா வந்த மெர்க், சர்க்கிள், ரோம் வகை சர்வருங்க இன்னைக்கும் ஓடுது, வருஷக்கணக்கா ஒரே கேரக்டரை வளத்துட்டு வர்றவங்க அதுல இருக்காங்க. அப்படி ஒரு சர்வர் கோடுல கை வச்சு மாத்தப் போறவங்களுக்குத்தான் (அதைத்தான் மோட் போடறதுன்னு சொல்றேன்) இது.

நல்ல எண்ணத்தோடயே பண்ற தப்பு, மெசேஜை அழகாக்கறது. டிக்கு வகையில பசிச்சா "யூ ஆர் ஹங்ரி"ன்னு ஒரு வரி வரும், அவ்ளோதான். அந்த மொட்டை வரியைப் பாத்தாலே புது கோடருக்கு கை பரபரங்கும், வயிறு கத்துது, கண்ணு இருட்டுதுன்னு நாலு விதமா எழுதி மாத்தி மாத்தி வர்ற மாதிரி வச்சிடுவாரு. ஆனா பழைய பிளேயர் அந்த வரியைப் படிக்கறதே இல்லீங்க, மட் ஆட அவர் வச்சிருக்கற டின்டின், மட்லெட் மாதிரி சாஃப்ட்வேர்ல எழுதி வச்ச ட்ரிக்கர்தான் (இந்த வரி வந்தா இதைச் செய்னு சொல்ற தானியங்கி விதி) படிக்குது, வரி வந்த உடனே பையிலேருந்து ரொட்டியை எடுத்து சாப்பிட கமாண்ட் தானா போயிடும். வரி மாறிட்டா ட்ரிக்கர் சும்மா உக்காந்திருக்கும், சர்க்கிள்ல பசியோட இருந்தா ஹிட் பாயிண்ட், அதாவது உயிர் அளவு, திரும்ப ஏறுற வேகம் கால்வாசியாயிடும், என்ன ஆச்சுன்னே தெரியாம அவரு பாதி உயிரோட டிராகன் முன்னாடி போய் நிப்பாரு. புது வர்ணனை எழுதுங்க, வேணாம்னு சொல்லல, அதை ஒரு செட்டிங்கா வைங்க, வேணுங்கறவங்க ஆன் பண்ணிக்கட்டும்.

கமாண்ட் டேபிள்ல, அதாவது எல்லா கமாண்டும் வரிசையா இருக்கற பட்டியல்ல, கை வைக்கறது இன்னும் மோசம், ஏன்னா தப்பு பண்ணோம்னே தெரியாது. இந்த கோடுல பாதி வார்த்தை அடிச்சாலும் டேபிள்ல மேலேருந்து தேடி முதல்ல பொருந்தறதை எடுத்துக்கும். மெர்க்ல, ஒண்ணு ரெண்டு எழுத்து சுருக்கம் வேலை செய்யணும்னுதான் இதையெல்லாம் மேல வச்சிருக்கோம்னு கமெண்ட்டே எழுதி வச்சிருக்காங்க. நான் கோடு பாத்துக்கிட்டிருந்த சர்வர்ல கொடி ஆட்டறதுக்கு "ஃப்ளாக்"னு ஒரு கமாண்ட் சேத்தோம், அகர வரிசைப்படி ஒழுங்கா "ஃபிளீ"க்கு மேல வச்சோம். உயிர் போற நேரத்துல தப்பிச்சு ஓட எல்லாரும் எஃப், எல்னு ரெண்டு எழுத்துதான் அடிப்பாங்க. அன்னைக்கு ராத்திரி அடிச்சவங்க எல்லாம் ஓடாம, மான்ஸ்டர் முன்னாடி நின்னு கொடி ஆட்டிட்டே செத்தாங்க. அதுல ஒருத்தர் திரும்ப வரவே இல்ல, எனக்கு இன்னும் வருத்தமா இருக்கு.

அடுத்தது பிளேயர் ஃபைல். சர்க்கிள்ல ஒவ்வொரு கேரக்டரும் ஒரே அளவு கட்டமா பைனரி ஃபைல்ல வரிசையா இருக்கும். புதுசா "புகழ்"னு ஒரு எண் வேணும்னு அந்தக் கட்டத்தோட அமைப்பைச் சொல்ற ஸ்ட்ரக்ட் நடுவுல நாலு பைட் சொருகினா அதுக்கப்புறம் இருக்கறது எல்லாம் நாலு பைட் தள்ளிப்போய் படிக்கும், அடுத்தடுத்த ஆளு கதை இன்னும் கந்தல். இதுக்காகவே அந்தக் கோடுல ஸ்பேர்னு காலி இடம் விட்டு வச்சிருக்காங்க, பேரை மாத்திக்கோ, வரிசையை மாத்தாதேன்னும் அங்கயே எழுதியிருக்கு. அதைப் பயன்படுத்துங்க, தொடறதுக்கு முன்னாடி பேக்கப் எடுங்க. ஒருத்தரோட பத்து வருஷ சாயங்காலம் அந்த ஃபைல்ல இருக்கு.

பார்வை இல்லாதவங்க நிறைய பேர் ஸ்க்ரீன் ரீடர் வச்சு மட் ஆடறாங்க, எழுத்து மட்டுமே இருக்கறதாலதான் அவங்களுக்கு இது சரிசமமான களம். நீங்க ஒவ்வொரு ரூமுக்கும் ஸ்டாரும் டேஷும் போட்டு மேப் வரைஞ்சா அவங்க காதுல ஸ்டார் ஸ்டார் டேஷ் டேஷ்னு ஓடிட்டே இருக்கும், நடுவுல யார் அடிச்சாங்கன்னே கேக்காது. மேப்பை ஆஃப் பண்ண ஒரு வழி கட்டாயம் வைங்க.

ஒரு கத்தியோட டேமேஜைக் குறைக்கறதா இருந்தா நியூஸ் கமாண்ட்ல முன்கூட்டியே போடுங்க, எவ்ளோ குறையுது, ஏன்னு எண்ணோட போடுங்க. சத்தமில்லாம குறைச்சா கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு நினைக்காதீங்க, ஆட்டத்துல வந்த வரியெல்லாம் சேத்து வச்ச லாக்கை வச்சு அன்னைக்கே கணக்கு போட்டுடுவாங்க.

ஆனா அதுக்காக எல்லாத்தையும் பிளேயர்ஸே முடிவு பண்ணட்டும்னு கையைக் கழுவறதும் சரிவராது. பாவெல் கர்ட்டிஸ் 1990ல ஆரம்பிச்ச லாம்டாமூங்கற, இதே மாதிரி எழுத்து உலகத்துல 1992 டிசம்பர்ல, சமூக விஷயத்துல இனிமே நாங்க தலையிட மாட்டோம்னு நிர்வாகிகள் அறிவிச்சாங்க, மனு, ஓட்டெடுப்புன்னு எல்லாம் வந்துச்சு, கடைசில 1996ல அந்த முடிவை அவங்களே வாபஸ் வாங்க வேண்டியதாச்சு. கருத்தைக் கேளுங்க, பொறுப்பு உங்க கிட்டயே இருக்கட்டும்.

மாத்தின கோடை நேரா மெயின் சர்வர்ல போடாதீங்க, அது 4000 போர்ட்ல (சேர்றதுக்கான வாசல் எண்) ஓடுதுன்னா புதுசை 4001ல ஓட விட்டு, ரொம்ப நாளா ஆடற நாலஞ்சு பேரை அவங்க ட்ரிக்கரோடயே வரச்சொல்லுங்க. சர்க்கிள்ல புரியாத கமாண்ட் வந்தா "ஹஹ்?!?"னு பதில் வரும். அவங்க கிட்ட சொல்லிட்டு ஒரு வாரம் அந்தப் பதில் எதுக்கெல்லாம் வந்துச்சுன்னு மட்டும் எடுத்துப் பாருங்க, எந்தப் பழைய பேரையெல்லாம் சுருக்கமா திரும்ப வைக்கணும்னு அந்த லிஸ்ட்லயே இருக்கும்.