லக்ஸ் அளவிலிருந்து எக்ஸ்போஷர் மதிப்பு: என் அனுபவம்

பவானியில் குழித்தறியில் ஜமக்காளம் நெய்வதைப் படமெடுக்கையில், அடர்சிவப்புப் பட்டைக்கு ஓர் அளவும் வெளிர்ப் பட்டைக்கு வேறோர் அளவுமாகக் கேமராவின் ஒளிமானி மாறிக்கொண்டே இருந்தது. துணி திருப்பி அனுப்பும் ஒளியை அது அளப்பதே காரணம். விழும் ஒளியையே அளப்பதற்காக, திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையின் வெளிச்சத்தைப் பார்க்க வைத்திருக்கும் லக்ஸ் மீட்டரை (விழும் ஒளியை லக்ஸ் என்ற அலகில் காட்டும் கருவி) நண்பரிடம் வாங்கி வந்தேன்.

எக்ஸ்போஷர் மதிப்பு என்பது லென்ஸின் துளையையும் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் குறிக்கும் எண். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 100-இல், தட்டையான உணரி கொண்ட மீட்டருக்கு, 2.5 லக்ஸ் என்பது எக்ஸ்போஷர் மதிப்பு 0. மதிப்பு ஒன்று கூடும்போதெல்லாம் லக்ஸ் இரட்டிப்பாகும். கண்ணாடி ஓட்டின் வழியே வெயில் இறங்கிய அந்த அறையில், நெசவாளரின் கைக்கருகே உணரியைக் கேமராவை நோக்கிப் பிடித்தபோது மீட்டர் 320 காட்டியது. அதை 2.5-ஆல் வகுத்தால் 128, அதாவது 2-இன் 7-ஆம் அடுக்கு என்பதால், மதிப்பு 7. எஃப் 2.8 அளவுள்ள துளைக்கு அது 1/15 நொடி ஷட்டர் நேரம். நாடா எறியும் கையை அந்த வேகத்தில் தெளிவாகப் பிடிக்க இயலாது. ஐஎஸ்ஓவை 800-க்கு உயர்த்தியதும் மூன்று படிகள் (ஒரு படி என்பது ஓர் இரட்டிப்பு) கிடைத்து, அதே துளையில் 1/125 நொடி அமைந்தது. பட்டை எந்த நிறமாயினும் அந்த அமைப்பை நான் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அரைக்கோள மூடியுள்ள மீட்டரானால் வகுக்கும் எண் 3.3-ஐ ஒட்டி வரும்; வேறுபாடு அரைப் படிக்கும் குறைவுதான்.