ஒரு கடை, இரண்டு கம்ப்யூட்டர்: பேக்கப் தானாக நடக்கச் செய்வது எப்படி

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஒரு சின்னக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் டிசைன் போடும் கம்ப்யூட்டர். பின்னறையில் எப்போதாவது பில் போட மட்டும் திறக்கும் இன்னொரு கம்ப்யூட்டர். "போன வருஷம் அக்காவுக்கு அடிச்சீங்களே, அதே மாடல்ல தங்கச்சிக்கும் வேணும்" என்று வாடிக்கையாளர் வந்து நிற்கும்போது அந்த கோரல்டிரா (டிசைன் மென்பொருள்) கோப்பு கையில் இருக்க வேண்டும். டிசைன் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டால் பல வருட உழைப்பும் அதோடு போய்விடும். கணக்குக் கோப்புகளுக்குச் சட்டமும் இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் வரை கணக்குகளை வைத்திருக்க வேண்டும்.

பென் டிரைவில் வாரம் ஒருமுறை ஏற்றிவைக்கிறோம் என்று பலர் சொல்வார்கள். முகூர்த்த மாதத்தில், வேலை தலைக்கு மேல் இருக்கும்போது, முதலில் விட்டுப்போவது அந்த வேலைதான். அதனால் ஆள் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லாத ஒரு ஏற்பாட்டைச் செய்வோம். முன் கம்ப்யூட்டரில் மாறும் கோப்புகள் மணிக்கொருமுறை பின்னறைக் கம்ப்யூட்டருக்கு நகலாகப் போய்ச் சேரும். தனியாக எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம். விண்டோஸிலேயே இருக்கும் 'ஃபைல் ஹிஸ்டரி' போதும். திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் மேற்கோள் குறிக்குள் தருகிறேன். விண்டோஸ் 11 வைத்து எழுதுகிறேன், 10-லும் ஏறக்குறைய இதே வழிதான். ஆனால் 10-க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதை மனதில் வையுங்கள்.

முதலில் இணைப்பு

இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே ரவுட்டரில் இருக்க வேண்டும். 'கெஸ்ட்' வைஃபையில் ஒன்று, சாதாரண வைஃபையில் ஒன்று என்றிருந்தால் ஒன்றையொன்று பார்க்காது. முடிந்தால் இரண்டுக்கும் கேபிள் போடுங்கள். கம்ப்யூட்டர் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டில் நல்ல லேன் கேபிள் எந்தக் கடையிலும் கிடைக்கும். 100 எம்பிபிஎஸ் (Mbps) வேக இணைப்பில் நொடிக்கு 11, 12 எம்பிதான் போகும். 100 ஜிபி போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆகும். எனவே முதல் பேக்கப்பைக் கடை மூடும் நேரத்தில் தொடங்குங்கள். அதன்பின் மாறிய கோப்புகள் மட்டுமே போகும்.

வாங்கிக்கொள்ளும் கம்ப்யூட்டரைத் தயார் செய்தல்

பின்னறைக் கம்ப்யூட்டரில் இடம் அதிகமுள்ள டிரைவில் 'பேக்கப்' என்று ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், ஒரு ஃபோல்டர் திறந்துகொள்ளுங்கள்.

அடுத்து அதற்கென்று தனியாக ஒரு யூசர் கணக்கு. 'செட்டிங்ஸ்' போய், 'அக்கவுண்ட்ஸ்', 'அதர் யூசர்ஸ்', 'ஆட் அக்கவுண்ட்'. மின்னஞ்சல் கேட்கும் இடத்தில் அந்த விவரம் இல்லை என்று சொல்லும் வரியை அழுத்தினால், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் யூசர் சேர்க்கும் வழி வரும். பெயர் 'காப்பு' என்று வையுங்கள், அதுவும் ஆங்கில எழுத்தில். பாஸ்வேர்டு கட்டாயம். புதிதாகச் செய்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பாஸ்வேர்டு இல்லாத கணக்கை நெட்வொர்க் வழியே விண்டோஸ் உள்ளே விடாது. தினமும் கம்ப்யூட்டரைத் திறக்க அடிக்கும் நான்கு இலக்க 'பின்' (PIN) எண்ணும் நெட்வொர்க்கில் செல்லாது, அது அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் உரியது.

இனி அந்த ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்', 'ஷேரிங்', 'ஷேர்'. பட்டியலிலிருந்து 'காப்பு' கணக்கைச் சேர்த்து, 'ரீட்/ரைட்' உரிமை கொடுங்கள். 'எவ்ரிஒன்' என்ற பெயரைச் சேர்த்தால் சீக்கிரம் வேலை முடியும் என்று சொல்லித்தருபவர்கள் உண்டு. வேண்டாம். பாஸ்வேர்டு கேட்கும் பாதுகாப்பும் அணைந்திருந்தால், கடை வைஃபை பாஸ்வேர்டு தெரிந்த யாரும் அந்தக் கோப்புகளை அழிக்க வழி திறந்துவைப்பதாகிவிடும்.

இன்னும் மூன்று சின்ன வேலைகள். 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதியில் உங்கள் இணைப்பை 'பிரைவேட்' என்று மாற்றுங்கள், இதை இரண்டு கம்ப்யூட்டரிலும் செய்ய வேண்டும். 'அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்' உள்ளே 'ஃபைல் அண்ட் பிரின்ட்டர் ஷேரிங்' ஆன். 'பவர்' பகுதியில் 'ஸ்லீப்' என்பதற்கு 'நெவர்'. திரை அணையலாம், கம்ப்யூட்டர் தூங்கக் கூடாது. கடைசியாக 'சிஸ்டம்', 'அபவுட்' போய் கம்ப்யூட்டரின் பெயரைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அனுப்பும் பக்கம்

முன் கம்ப்யூட்டரில் விண்டோஸ் விசையும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் இரண்டு பின்சாய்கோடு (\) போட்டு, எழுதிவைத்த பெயரை அடித்து, என்டர். யூசர் பெயர் கேட்கும்போது பின்னறைக் கம்ப்யூட்டரின் பெயர், ஒரு பின்சாய்கோடு, பிறகு 'காப்பு'. பாஸ்வேர்டு கொடுத்து, நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லும் கட்டத்தில் டிக் செய்யுங்கள். பேக்கப் ஃபோல்டர் கண்ணில் பட்டால் பாதி வேலை முடிந்தது. பெயர் வேலை செய்யவில்லையென்றால் பெயருக்குப் பதில் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டருக்குரிய எண்) போடலாம். அப்படிச் செய்தால் அந்த முகவரி மாறாதபடி ரவுட்டர் அமைப்பில் அதை ஒதுக்கிவைக்க வேண்டும்.

இப்போது 'கன்ட்ரோல் பேனல்', 'சிஸ்டம் அண்ட் செக்யூரிட்டி', 'ஃபைல் ஹிஸ்டரி'. இடது பக்கம் 'செலக்ட் டிரைவ்', பின் 'ஆட் நெட்வொர்க் லொகேஷன்'. பின்னறை ஃபோல்டரைக் காட்டி 'ஓகே', 'டர்ன் ஆன்'.

ஃபைல் ஹிஸ்டரி எல்லா இடத்தையும் நகலெடுக்காது. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற லைப்ரரிகளை மட்டும்தான் எடுக்கும். நம் ஆட்களில் பெரும்பாலோர் டிசைன்களை டி டிரைவில் வைத்திருப்பார்கள். அந்த ஃபோல்டரில் ரைட் கிளிக், 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்', 'இன்குளூட் இன் லைப்ரரி', 'கிரியேட் நியூ லைப்ரரி' என்று போனால் அதுவும் கணக்கில் சேரும். இதைச் செய்யாமல் விட்டால் பேக்கப் நடக்கிறது என்று திரை சொல்லும், ஆனால் வேண்டிய கோப்பு மட்டும் அங்கே இருக்காது.

'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' உள்ளே மணிக்கு ஒருமுறை, 'ஃபாரெவர்' என்று இருப்பதை அப்படியே விடுங்கள். டிஸ்க் நிறைந்தால் பெரிய டிஸ்க் போட்டுக்கொள்ளலாம். பிறகு 'ரன் நௌ'.

கணக்கு எழுத டாலி மென்பொருள் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். டாலி திறந்திருக்கும்போது அதன் கோப்புகளை நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் வந்து சேரலாம். டாலியின் 'டேட்டா' மெனுவில் உள்ள 'பேக்கப்' வழியாக, மேலே லைப்ரரியில் சேர்த்த ஒரு ஃபோல்டருக்குள் தினமும் கடை மூடும் முன் எடுத்துவிடுங்கள். அங்கிருந்து பின்னறைக்குத் தானாகப் போகும்.

திரும்ப எடுத்துப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டாதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்களின் கோடுகளைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். அவர்களிடம் பல வகை பேக்கப் இருந்தும் தேவைப்பட்ட நேரத்தில் எதுவும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை, சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது. அதை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். முழுநேரப் பொறியாளர்கள் இருக்கும் இடத்திலேயே அப்படி.

ஒரு பழைய பத்திரிகை டிசைனைத் திறந்து, மணமகன் பெயரை மாற்றிச் சேமியுங்கள். 'ரன் நௌ' அழுத்துங்கள். பிறகு அந்தக் கோப்பை அழித்துவிட்டு, 'ஃபைல் ஹிஸ்டரி' பக்கத்தில் 'ரெஸ்டோர் பர்சனல் ஃபைல்ஸ்' போய்த் தேடுங்கள். அம்புக்குறியில் பின்னால் போகப் போகப் பழைய தேதிகளின் நகல்கள் வரும். பச்சை நிறப் பொத்தானை அழுத்தினால் கோப்பு பழைய இடத்துக்கே திரும்பும். அதில் ரைட் கிளிக் செய்து 'ரெஸ்டோர் டு' கொடுத்தால் வேறு இடத்தில் இறக்கலாம், அசலை மேலெழுதாது. பெயர் மாற்றுவதற்கு முந்தைய நகலும் கிடைக்கிறதா பாருங்கள். கோப்பை இரு பக்கமும் ஒன்றாக வைத்திருக்கும் ஒத்திசைவுச் செயலிகளை பேக்கப் என்று எண்ணிவிட வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். அவற்றில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

இதற்கும் ஒரு எல்லை

2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாகிரை என்ற கெட்ட மென்பொருள் பரவியபோது ஒரு கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் வழியே அடுத்ததற்குத் தாவியது. முன் கம்ப்யூட்டர் எழுதக்கூடிய ஃபோல்டரை அதில் புகுந்த கெட்ட மென்பொருளும் பூட்டிவிடும். அதனால் ஒரு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் வாங்கி, வாரம் ஒருமுறை பின்னறை பேக்கப் ஃபோல்டரை முழுதாக அதில் ஏற்றி, கழற்றி, வீட்டுக்கு எடுத்துப் போங்கள். கடையில் தீயோ தண்ணீரோ வந்தாலும் அது தப்பும். கரண்ட் போவது நம் ஊரில் புதிதல்ல. பின்னறைக் கம்ப்யூட்டரோடு ரவுட்டரையும் யூபிஎஸ்ஸில் சேருங்கள்.

வாரம் அந்த டிஸ்க்கை ஏற்றும் நாளிலேயே முன் கம்ப்யூட்டரில் 'ஃபைல் ஹிஸ்டரி' பக்கத்தைத் திறந்து, கடைசியாக நகலெடுத்த தேதியைப் பாருங்கள். அது இன்றைய தேதியாக இல்லையென்றால் முதலில் பின்னறைக் கம்ப்யூட்டர் ஓடுகிறதா என்றும், பிறகு 'காப்பு' கணக்கின் பாஸ்வேர்டை யாரும் மாற்றிவிட்டார்களா என்றும் பாருங்கள்.