புள்ளைய கூட்டிக்கிட்டு தனியா சென்னைக்கு குடி வர்றது எப்படி

திருநெல்வேலில இருந்து ரெண்டாம் கிளாஸ் படிக்கிற பையன கூட்டிட்டு நான் மட்டும் சென்னைக்கு வந்து மூணு வருஷம் ஆகப்போகுது. ஊர்ல வாங்குனத விட கிட்டத்தட்ட டபுள் சம்பளம்னு குஷியா கிளம்பிட்டேன், அம்மா மட்டும் "ஏட்டி, பச்சப்புள்ளய வச்சிக்கிட்டு அந்த ஊர்ல ஒத்தைல என்ன செய்வ?"னு கேட்டாங்க, எனக்கு பதில் தெரியல, கோவப்பட்டுட்டு வந்துட்டேன். இப்போ தெரியும். அதான் எழுதுறேன். புருஷன் இல்லாம, இல்ல பொண்டாட்டி இல்லாம, புள்ளையோட இந்த ஊருக்கு வர பிளான் பண்றவங்க பொறுமையா படிங்க.

எல்லாரும் பண்ற தப்பு, வாடகைல இருந்து ஆரம்பிக்கிறது. நானும் அப்டித்தான். ஆபீஸ் தரமணி. வாடகை கம்மின்னு கேளம்பாக்கம் பக்கம் வீடு எடுத்தேன். ஸ்கூல் மூணரைக்கு விடும், நான் வீடு வந்து சேர ஏழே கால் ஆயிடும். இந்த நடுவுல இருக்குற மூணே முக்கால் மணி நேரம் இருக்கே, அதுதான் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு சென்னையிலயே காஸ்ட்லியான பொருள். டேகேர் ஃபீஸ், ஸ்கூல்ல இருந்து டேகேருக்கு கொண்டு விட ஆட்டோ, நான் லேட்டானா அவங்க போடுற எக்ஸ்ட்ரா சார்ஜ், எல்லாம் சேத்து பாத்தா வாடகைல மிச்சம் புடிச்சதெல்லாம் அங்கயே போயிருச்சு, போதாததுக்கு பையன் வேற ராத்திரி எட்டு மணிக்கு யூனிஃபார்மோடயே தூங்கிருவான். பதினோரு மாசத்துல காலி பண்ணிட்டேன்.

அதனால வரிசைய மாத்திக்கோங்க. மொதல்ல ஆபீஸ் எங்கன்னு பாருங்க. அப்புறம் அதுக்கு ட்ரெயின்லயோ ஒரே பஸ்லயோ போற மாதிரி ஏரியா நாலஞ்சு எழுதிக்கோங்க. அந்த ஏரியாவுல ஸ்கூலையும் ஸ்கூல் விட்டதும் புள்ள எங்க இருக்கும்ங்கறதையும் முடிவு பண்ணுங்க. அது ரெண்டுக்கும் நடந்து போற தூரத்துல வீடு தேடுங்க. வாடகை பேரம் கடைசில. ரெண்டாயிரம் மூவாயிரம் கூடுதலா போனாலும் இதுதான் லாபம், நான் கணக்கு போட்டு பாத்துட்டேன்.

ஏரியா விஷயத்துல என் ரூல் ஒண்ணே ஒண்ணுதான், தண்டவாளம் பக்கத்துல இருக்கணும். தரமணி டைடல் ஐடி பார்க் பக்கம் வேலைன்னா பறக்கும் ரயில் லைன்ல வேளச்சேரி, பெருங்குடி, திருவான்மியூர். கிண்டின்னா பீச் - தாம்பரம் - செங்கல்பட்டு லைன்ல குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம், இன்னும் கம்மி பட்ஜெட்னா கூடுவாஞ்சேரி வரைக்கும் போகலாம். அம்பத்தூர் எஸ்டேட்னா கொரட்டூர், ஆவடி. மின்சார ரயில் மாச சீசன் டிக்கெட் ரொம்ப சீப், ஒரு வாரம் ஆட்டோவுல போற காசு கூட வராது. ஓஎம்ஆர்ல, அதாவது கேளம்பாக்கம் பக்கம் போற பழைய மகாபலிபுரம் ரோட்டுல, உள்ள தள்ளி போனீங்கன்னா ரோடு மட்டுந்தான் கதி, மழை பேஞ்சா அதுவும் இல்ல. லேடீஸா இருந்தா சாதா கட்டண மாநகர பஸ் ஃப்ரீ, 2021 மே மாசத்துல இருந்து இருக்கு, முன்னாடி பிங்க் கலர் அடிச்சிருப்பாங்க.

மழைன்னதும் ஞாபகம் வருது. 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு தண்ணி ஏறுனா கைல புள்ள, மறு கைல ஃபைல், சிலிண்டர யாரு தூக்குறது? ரெண்டாவது ஆள் கெடையாது நமக்கு. அதனால கிரவுண்ட் ஃப்ளோர் வேண்டாம், வாடகை கம்மியா இருந்தாலும் வேண்டாம். புரோக்கர்கிட்ட கேக்காதீங்க, அவர் "இந்த தெருவுல மட்டும் வராது மேடம்"னு தான் சொல்லுவார், எல்லா தெருவுலயும் அதையேதான் சொல்லுவார். முனை கடைல ஒரு டீ குடிச்சிட்டு 2023ல தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு கேளுங்க, முட்டியா இடுப்பான்னு கையால காட்டுவாங்க.

இனி வீட்டுக்காரங்க. "ஹஸ்பண்ட் என்னம்மா பண்றாரு?" இதுதான் முதல் கேள்வி, அட்வான்ஸ் எவ்ளோன்னு நாம கேக்குறதுக்கு முன்னாடியே வரும். ஆரம்பத்துல வெளியூர்ல இருக்காருன்னு பொய் சொல்லிப் பாத்தேன். பண்ணாதீங்க. மூணு மாசம் கழிச்சு ஏன் வரவே இல்லன்னு கேப்பாங்க, அப்புறம் மாடிப்படில பாக்கும்போதெல்லாம் ஒரு பார்வை இருக்கும். இப்போ போன்லயே சொல்லிடுவேன், நானும் என் பையனும் மட்டுந்தான், இந்த கம்பெனில வேலை, அம்மா அப்பப்ப வந்து தங்குவாங்க, ஓகேன்னா வீடு பாக்க வரேன். பாதி பேரு கட் பண்ணிடுவாங்க. நல்லதுதான், ஆட்டோ காசு மிச்சம். கீழ் வீட்டுலயே ஓனர் குடியிருக்குற வீட்டுல தொந்தரவு ஜாஸ்தின்னு சொல்லுவாங்க, என் அனுபவம் வேற, எங்க வீட்டு ஓனர் ஆன்ட்டி கேள்வி நெறைய கேப்பாங்க தான், ஆனா பையனுக்கு ஜுரம்னா கஞ்சியும் அவங்கதான் வெச்சு குடுப்பாங்க. தனியா புள்ள வளக்குறவங்களுக்கு கேட்டட் கம்யூனிட்டி ஜிம்ம விட அந்த கஞ்சி முக்கியம்.

அட்வான்ஸ். தமிழ்நாட்டு வாடகை சட்டம் 2017ல போட்டது, 2019ல இருந்து நடைமுறைல இருக்கு, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலன்னா மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக்கூடாதுன்னு சொல்லுது. நெஜத்துல அஞ்சு மாசம், ஆறு மாசம் கேப்பாங்க, பழைய ஆளுங்க சிலர் பத்து மாசம் கூட. சட்டத்த சொல்லி சண்டை போட்டா வீடு கெடைக்காது, ஆனா மூணுல ஆரம்பிச்சு பேசுங்க, எனக்கு ஆறுல இருந்து நாலுக்கு வந்துச்சு. அக்ரிமென்ட்ல ரெண்டு விஷயம் கட்டாயம் எழுதி வாங்குங்க. ஒண்ணு, காலி பண்ணும்போது பெயின்ட் அடிக்கன்னு எவ்ளோ புடிப்பாங்க, பேசாம விட்டா ஒரு மாச வாடகை போயிரும். ரெண்டு, அட்வான்ஸ் எத்தன நாள்ல திருப்பி வரும். என்னோட பழைய வீட்டுல ரெண்டுமே வாய் வார்த்தை. திரும்ப வாங்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு.

வீடு பாக்கும்போது ஈபி மீட்டர் தனியா இருக்கான்னு பாருங்க, இருந்தா ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீ உங்களுக்கு. பொது மீட்டர்ல சப் மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு இவ்ளோன்னு கேட்டா அந்த சலுகை நமக்கு வராது. ரெண்டு மாசத்துல 500 யூனிட்ட தாண்டுனா ரேட் ஸ்லாபே மாறிடும், மே மாசம் ஏசி போடும்போது இத மனசுல வெச்சுக்கோங்க. தண்ணி மெட்ரோ வாட்டரா, போரா, லாரியான்னு கேளுங்க. போர் தண்ணின்னா ஒரு வாய் ஊத்தி பாருங்க, பல ஏரியாவுல உப்புக்கரிக்கும், குடிக்க சமைக்க கேன் வாங்கணும், அத மாடிக்கு யாரு தூக்குவாங்கன்னும் கேளுங்க. சின்ன விஷயமா தெரியும், எனக்கு முதுகு புடிச்சு மூணு நாள் படுத்தப்போதான் அந்த கேன்காரர் தம்பியோட அருமை புரிஞ்சுது.

கையில எவ்ளோ காசு வேணும்? நான் ரெண்டாவது வீடு மாறும்போது வாடகை 15,000. அட்வான்ஸ் 60,000, புரோக்கருக்கு ஒரு மாசம் 15,000, முதல் மாச வாடகை 15,000, ஸ்கூல் முதல் டெர்ம் 30,000, சாமான் ஏத்துற வண்டி, ஃபேன், கேஸ் டியூப், பாய், பக்கெட்னு ஒரு 20,000. மொத்தம் 1,40,000. இதுக்கு மேல மூணு மாச செலவு தனியா பேங்க்ல இருக்கணும், ஏன்னா வேலை போச்சுன்னா ரெண்டாவது சம்பளம்னு ஒண்ணு இல்ல. நகைய அடகு வெச்சு அட்வான்ஸ் குடுக்கலாம்னு தோணும், நானும் வெச்சேன். அட்வான்ஸ் காசுக்கு வட்டி வராது, அடகுக்கு மாசம் வட்டி போயிட்டே இருக்கும், பாத்துக்கோங்க.

அவ்ளோ காசு இப்போ கையில இல்லன்னா நேரா வீடு எடுக்காம வேலைக்கு போற பெண்கள் விடுதி ட்ரை பண்ணலாம். மத்திய அரசோட சகி நிவாஸ் திட்டத்து விடுதிகள்ல பொண்ணுன்னா 18 வயசு வரைக்கும், பையன்னா 12 வயசு வரைக்கும் அம்மாவோட தங்கலாம். தமிழ்நாடு அரசோட தோழி விடுதிகளும் இருக்கு, போன் போட்டு புள்ளையோட தங்க விடுவாங்களான்னு கேட்டுட்டு போங்க. ரெண்டு மூணு மாசம் அங்க இருந்துட்டு ஊர் பழகுனதும் வீடு பாத்தா ஏமாற மாட்டீங்க.

ஸ்கூலுக்கு வருவோம். கார்ப்பரேஷன் ஸ்கூல்னதும் மூஞ்ச சுளிக்காதீங்க, ஒரு தடவ போய் பாருங்க. ஒண்ணுல இருந்து அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் அரசுப் பள்ளில காலை சாப்பாடே குடுக்குறாங்க, காலைல ஏழு மணிக்கு ஒத்த ஆளா இட்லி ஊத்தி, ஜடை போட்டு, ஷூ தேடி ஓடுறவங்களுக்கு அது எவ்ளோ பெரிய உதவின்னு மத்தவங்களுக்கு புரியாது. பிரைவேட்ல ஃப்ரீ சீட் வேணும்னா கல்வி உரிமை சட்டத்துல 25 சதவீத ஒதுக்கீடு இருக்கு, ஆனா எல்கேஜி, ஒண்ணாம் கிளாஸ் மாதிரி நுழைவு வகுப்புக்கு மட்டுந்தான், நடுவுல சேர்றவங்களுக்கு ஆகாது. எந்த ஸ்கூலா இருந்தாலும் ரிசல்ட் எத்தன பர்சென்ட்னு கேக்குறதுக்கு முன்னாடி எத்தன மணிக்கு விடுவீங்க, நான் லேட்டானா புள்ளைய எங்க உக்கார வெப்பீங்க, சனிக்கிழமை உண்டான்னு கேளுங்க. பழைய ஸ்கூல்ல டிசி வாங்கும்போது எமிஸ் நம்பரையும் (பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு புள்ளைக்கும் குடுக்குற அடையாள நம்பர்) குறிச்சு வாங்கிக்கோங்க, தமிழ்நாட்டுக்குள்ள மாறும்போது அதுதான் வேலைய சுலபமாக்கும்.

ஃபார்ம்ல அப்பா பேரு, அப்பா கையெழுத்து கேப்பாங்க. பதறாதீங்க. பாஸ்போர்ட்டுக்கே 2016 டிசம்பர்ல இருந்து ஒரு பெற்றோர் பேரு போதும், பான் கார்டுக்கு 2018 டிசம்பர்ல இருந்து அம்மா மட்டும் வளக்குற புள்ளைக்கு அப்பா பேரு கட்டாயம் இல்ல. இத அமைதியா சொன்னாலே ஆபீஸ் ரூம்ல குரல் கொறையும். விவாகரத்து தீர்ப்பு, கஸ்டடி ஆர்டர், துணை இறந்திருந்தா இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ், புள்ளையோட பிறப்பு சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை, எல்லாத்தையும் மூணு மூணு ஜெராக்ஸ் எடுத்து ஒரே ஃபைல்ல போட்டு போன்லயும் வெச்சுக்கோங்க. முக்கியமா, கேஸ் நடந்துட்டு இருந்தாலோ, அப்பாவோ அம்மாவோ வாரா வாரம் புள்ளைய பாக்கலாம்னு கோர்ட் சொல்லிருந்தாலோ, லாரி புக் பண்றதுக்கு முன்னாடி வக்கீல்கிட்ட பேசுங்க. சொல்லாம ஊர் மாறுனா அதையே உங்களுக்கு எதிரா திருப்புவாங்க. ஜீவனாம்ச கேஸ் இனிமேதான் போடணும்னா நீங்க குடியிருக்குற ஊர் கோர்ட்லயே போடலாம், அதுக்காக ஊருக்கு அலைய வேண்டாம். ரேஷன் கார்டு அட்ரஸ் மெதுவா மாத்திக்கலாம், அது வரைக்கும் தமிழ்நாட்டுல எந்த கடைலயும் வாங்குற வசதி 2020ல இருந்து இருக்கு.

ஆஃபர் லெட்டர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஹெச்ஆர்கிட்ட ஒரு கேள்வி. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல குழந்தைகள் காப்பக வசதி இருக்கணும்னு 2017ல இருந்தே சட்டம் சொல்லுது, அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவ போய் பாத்துட்டு வரலாம். எங்க இருக்குன்னு கேளுங்க. இல்லன்னு சொன்னா அதுக்கு பதிலா வாரத்துல ரெண்டு நாள் வொர்க் ஃப்ரம் ஹோம் பேசி மெயில்ல எழுதி வாங்கிருங்க. சேந்த பொறவு கேட்டா சலுகை கேக்குற மாதிரி பாப்பாங்க, சேர்றதுக்கு முன்னாடி கேட்டா அது பேரம்.

சரி, அந்த மூணரை டு ஏழு. டேகேர் ஒரு வழி. என்னோட வழி டியூஷன் மிஸ். எங்க தெருவுலயே வீட்டுல டியூஷன் எடுக்குற ஒரு அக்கா, அவங்களுக்கு மத்த புள்ளைங்க அஞ்சரைக்குதான் வரும், என் பையன் மட்டும் நாலு மணிக்கே போய் அங்கயே டிபன் சாப்ட்டு ஹோம்வொர்க் முடிச்சிருவான், மாசம் டியூஷன் ஃபீஸோட கொஞ்சம் சேத்து குடுக்குறேன், டேகேர்ல பாதி கூட வரல. இந்த மாதிரி ஆளு கூகுள்ல கெடைக்க மாட்டாங்க. இஸ்திரி வண்டிக்காரர், ஸ்கூல் வாட்ச்மேன், மாவு கடை அக்கா, இவங்ககிட்ட கேளுங்க. ஒருத்தர நம்பி மட்டும் இருக்காதீங்க, அவங்க ஊருக்கு போற அன்னிக்குன்னு ரெண்டாவதா ஒரு வீடு பேசி வெச்சிருக்கணும்.

வர்ற அன்னிக்கு ஒண்ணு. தெக்க இருந்து வர்ற பஸ்ஸெல்லாம் கிளாம்பாக்கத்துலயே இறக்கி விட்டுரும், அங்க இருந்து ஊருக்குள்ள வர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், தூக்கத்துல இருக்குற புள்ளையும் நாலு பையும் வெச்சுக்கிட்டு அது கொடுமை. ட்ரெயின்ல வந்து தாம்பரத்துலயோ எழும்பூர்லயோ இறங்குங்க. வெள்ளிக்கிழமை காலைல வந்தா மூணு நாள் கெடைக்கும். முதல் நாளே புள்ளைக்கு உங்க நம்பர மனப்பாடம் பண்ண வைங்க, குழந்தைகள் உதவி நம்பர் 1098ம் சொல்லிக் குடுங்க, உங்க போன்ல பெண்கள் உதவி நம்பர் 181 இருக்கட்டும். சனிக்கிழமை ஸ்கூல்ல இருந்து வீட்டுக்கு கைய புடிச்சு ஒரு தடவ, விட்டுட்டு பின்னாடியே வந்து ஒரு தடவ நடங்க. எம்பையன் ரெண்டாவது தடவ ஒரு திருப்பத்துல இடதுக்கு பதிலா வலது பக்கம் போயிட்டான், பத்து வீடு தள்ளி நின்னு திரும்பி பாத்தான், நான் கூப்பிடல, அவனா அந்த பிள்ளையார் கோயில பாத்துட்டு திரும்பி வந்தான்.