ஊதா மூடி ரியூப்பும் எள்ளளவு கட்டியும்

மாரி தொடங்கி டெங்குக் காய்ச்சல் கூடும் நேரத்தில்தான் எங்கள் ஆய்வுகூடத்துக்குப் புதுப் பயிலுநர்கள் வருவார்கள். அந்த நாளில் நான் விட்ட பிழைகளையே அவர்களும் விடுகிறார்கள். பெயர் மாற்றி ஒட்டுவது போன்றவற்றைச் சொல்ல வேண்டியதில்லை.

கட்டி பிடித்த குருதியை எண்ணுவது

இதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது. ஊசி ஏறியவுடனே உறைதல் தொடங்கிவிடும். திரொம்பின் உண்டாகி, பைபிரினோஜனைப் பைபிரின் நூலாக்கும். இதற்குக் கல்சியம் வேண்டும். ஊதா மூடி ரியூப்பில் உள்ள ஈ.டி.டி.ஏ. என்னும் உறைதல் தடுப்பான் அந்தக் கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் எட்டுப் பத்துத் தரம் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால்தான் அது குருதி முழுவதும் கலக்கும்.

ஒரு மார்கழியில் வேலணையிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று வந்தது. காய்ச்சல் நாலாம் நாள். நாளம் சிறிது, குருதி சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. வரிசை நீண்டிருந்த அவசரத்தில் ரியூப்பை ஆட்டாமல் தட்டில் வைத்துவிட்டேன். குருதி உறைய உதவும், டெங்கில் குறையும் சிறுதட்டுக்கள் 38,000 என்று மெசின் காட்டியது, நானும் அப்படியே சொன்னேன். தாய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதா.

மூத்தவர் ஒருவர் வந்து, "தங்கச்சி, ரியூப்பைத் திறந்து பாத்தனீங்களோ?" என்று கேட்டார். மரக்குச்சியை விட்டுச் சுழற்றி எடுத்தார். நுனியில் எள்ளளவு கருஞ்சிவப்புக் கட்டி. சிறுதட்டுக்கள் அதற்குள் சிக்கியிருந்தன. மெசின் எண்ணியது மிதந்தவற்றை மட்டுமே. பிள்ளைக்கு மறுபடி ஊசி குத்தி எடுத்ததில் 164,000. சாதாரண அளவே 150,000 முதல் 450,000 வரைதான்.

குறைந்த எண்ணிக்கை வந்தால் முதலில் குச்சி, அப்புறம் நுணுக்குக்காட்டியில் பார்க்கக் கண்ணாடித் தட்டில் குருதிப் பூச்சு. கட்டி இல்லாமலே சிறுதட்டுக்கள் கூட்டங்கூட்டமாகத் தெரிந்தால், சிலருக்கு ஈ.டி.டி.ஏ.யே அப்படிச் செய்யும். சிட்ரேட் என்னும் இன்னொரு உறைதல் தடுப்பானில் எடுத்து எண்ணி, அது குருதியை ஐதாக்குவதால் 1.1 ஆல் பெருக்குங்கள்.

நீல மூடியைக் குறைய நிரப்புவது

உறையும் நேரம் பார்க்கும் இந்த ரியூப்பில் குருதி 9 பங்கு, சிட்ரேட் 1 பங்கு. குருதி குறைந்தால் உறையும் நேரம் பொய்யாக நீளும். உறைதலைக் குறைக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவருக்கு அந்த எண்ணை நம்பித்தான் மருந்தின் அளவை மாற்றுவார்கள்.

சி.ஆர்.பி.யை அவசரப்பட்டு நம்புவது

சி.ஆர்.பி. அழற்சியின்போது குருதியில் கூடும் ஒரு புரதம். அழற்சி தொடங்கிய முதல் சில மணித்தியாலங்களில் அது ஏறியிராது.

ஆறாம் நாள் என்.எஸ்.1 நெகட்டிவ்

என்.எஸ்.1 டெங்கு வைரசின் புரதத்தைத் தேடும் பரிசோதனை. அது நெகட்டிவ் என்றதும் டெங்கு இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். அதற்குள் உடல் பிறபொருளெதிரிகளை உண்டாக்கத் தொடங்கியிருக்கும். அவற்றில் ஒன்றான ஐ.ஜி.எம். பாருங்கள்.

ஊதாவிலிருந்து வேறு ரியூப்புக்கு ஊற்றுவது

கூடவே கூடாது. ஊதா ரியூப்பில் உள்ளது ஈ.டி.டி.ஏ.யின் பொற்றாசிய உப்பு; அதனால் பொற்றாசியம் ஏறும், கல்சியம் இறங்கும்.