டிசம்பர் 4ல் வெட்டி கிறிஸ்துமஸுக்குப் பூக்க வைப்பது எப்படி: பார்பரா கிளை

ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் பூ கேட்டால் கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுப்பது மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட சிவப்பு பாயின்செட்டியாவைத்தான். அழகான செடிதான். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது ஒரு மொட்டைக் குச்சி. இலை ஒன்றுகூட இல்லாத செர்ரிக் கிளையை டிசம்பர் 4ஆம் தேதி வெட்டி வீட்டுக்குள் ஜாடியில் வைத்தால், வெளியே பனி விழும் நேரத்தில் அது வெள்ளையாகப் பூக்கும். ஜெர்மனி, ஆஸ்திரியா, செக் நாட்டு வீடுகளில் இது பழைய வழக்கம். நான் தூத்துக்குடிக்காரி, ஸ்டுட்கார்ட் பக்கம் குடியிருக்கிறேன். ஐரோப்பாவில் இருக்கும் நம் ஆட்கள் எல்லாரும் ஒருமுறையாவது இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

டிசம்பர் 4 புனித பார்பராவின் திருநாள். கிறிஸ்தவரானதற்காகச் சொந்தத் தந்தையே அவரைக் கோபுரத்தில் அடைத்து வைத்து, கடைசியில் கொன்றார் என்பது மரபுக்கதை. சிறைக்குப் போகும் வழியில் ஆடையில் ஒரு செர்ரிக் கிளை சிக்கியதாம். குடிக்கக் கொடுத்த தண்ணீரை அதற்கு ஊற்றி வைத்திருந்தார், அவர் இறந்த நாளில் அது பூத்தது என்கிறார்கள். 1969ல் கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுத் திருநாள் நாட்காட்டியிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். இங்கே கிளை வெட்டுவது மட்டும் நிற்கவில்லை.

சரி, கிளைக்கு வருவோம். பாதி வேலை தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. இந்த வருடம் நெட்டுக்குத்தாக வளர்ந்த மெல்லிய குச்சியைத் தொடாதீர்கள், அதில் பெரும்பாலும் இலைமொட்டுதான் இருக்கும். கொஞ்சம் முற்றிய கிளையைப் பாருங்கள். அதன் பக்கவாட்டில் குட்டைக் குட்டையாக முடிச்சுகள் தெரியும். ஒவ்வொரு முடிச்சின் நுனியிலும் மொட்டுகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். சுற்றிலும் குண்டாக உருண்டிருப்பவை பூமொட்டு, நடுவில் ஒல்லியாகக் கூர்மையாக நிற்பது இலைமொட்டு. சந்தேகமிருந்தால் ஒரு மொட்டை நகத்தால் பிரித்துப் பாருங்கள். உள்ளே வெளிர்பச்சையில் மிகச் சிறிய உருண்டைகள் இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் அது பூவேதான்.

முதல் தடவை வைப்பவர்களுக்கு நான் ஃபோர்சித்தியாவைச் சொல்வேன். மஞ்சள் பூ, இங்கே வேலி ஓரமெல்லாம் இருக்கும், செர்ரி அளவுக்குப் பிடிவாதம் பிடிக்காது. ஆப்பிள், பிளம் கிளைகளும் ஆகும். பூங்காவில் வெட்டக் கூடாது, அடுத்தவர் மரமென்றால் கேட்டுவிட்டு வெட்டுங்கள். தோட்டம் வைத்திருக்கும் பாட்டிகளிடம் பார்பரா கிளைக்கென்று சொல்லிக் கேட்டால் முகம் மலர்ந்து அவர்களே கத்தரியை எடுத்துக்கொண்டு வருவார்கள். மாதத் தொடக்கத்தில் பூக்கடைகளிலும் கட்டாக விற்பார்கள்.

அடுத்தது குளிர். இந்த மரங்கள் இலையுதிர்ந்ததும் உறக்கத்துக்குப் போகின்றன. 0 முதல் 7 டிகிரி வரையிலான குளிரில் பல நூறு மணி நேரம் நின்றால்தான் அந்த உறக்கம் கலையும். இடையில் நான்கு நாள் வெயிலடித்ததும் ஏமாந்து பூத்து, அடுத்த உறைபனியில் கருகாமலிருக்க மரம் செய்துகொண்ட ஏற்பாடு அது. அதனால் நவம்பர் வெதுவெதுப்பாகப் போன வருடங்களில் கிளையைப் பையில் சுற்றி ஓர் இரவு ஃப்ரீசரில் வையுங்கள். இடமில்லையென்றால் பால்கனியில் கிடக்கட்டும்.

அப்புறம் வெந்நீர்க் குளியல். தொட்டியில் 30 முதல் 35 டிகிரிக்குத் தண்ணீர் பிடித்து, கிளை முழுவதும் மூழ்கும்படி இரவு போட்டுவிடுங்கள். மொட்டுகள் விழித்துக்கொள்ள இது நன்றாக உதவும். காலையில் அடிப்பகுதியைக் கூரான கத்தியால் சாய்வாகச் சீவுங்கள். சுத்தியலால் நசுக்கச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நசுங்கிய நார் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும், வேண்டாம்.

ஜாடியை முதலில் சூடில்லாத அறையில், படிக்கட்டுப் பக்கமோ படுக்கையறையிலோ வையுங்கள். மொட்டு உப்பி நுனியில் பச்சையோ வெள்ளையோ எட்டிப் பார்த்த பிறகு ஹாலுக்குக் கொண்டுவரலாம். ஹீட்டருக்கு மேலே மட்டும் கூடவே கூடாது, அந்த வறண்ட காற்றில் மொட்டு மேல்தோலோடு காய்ந்துவிடும். மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள், தினமும் கிளைமேல் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். பக்கத்தில் ஆப்பிள் கூடை இருந்தால் நகர்த்திவிடுங்கள். பழுக்கும் பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் உதிர்த்துவிடும்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கிளை என்று பெயர்ச்சீட்டு கட்டிவிடுவதும் வழக்கம். யார் கிளை முதலில் பூக்கிறதோ அவருக்கு வரும் வருடம் அதிர்ஷ்டம். பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள், தண்ணீர் மாற்ற நீங்கள் நினைவுபடுத்தவே வேண்டியிருக்காது. அலங்காரமாக இரண்டு வைக்கோல் நட்சத்திரம் போதும். மினுமினுப்புக் காகிதமெல்லாம் தொங்கவிட்டால் பூ இருப்பதே தெரியாது.

ஊரில் இருப்பவர்கள் செர்ரிக்கு ஏங்க வேண்டாம். அதே டிசம்பர் 4ல் தெற்கு பிரான்ஸின் ப்ரோவான்ஸ் பகுதியிலும் லெபனானிலும் கோதுமை முளைக்கப் போடுகிறார்கள். ப்ரோவான்ஸில் மூன்று சின்னத் தட்டுகளில் போட்டு, கிறிஸ்துமஸ் மேசையில் வைப்பார்கள். குரோவேஷியாவில் டிசம்பர் 13, புனித லூசியா நாளில் போட்டு, வளர்ந்ததும் நடுவில் மெழுகுவத்தி நிறுத்துவார்கள். முளைப்பாரி போட்ட கைக்கு இது பழகிய வேலை. எங்கள் வீட்டுக் குடிலில் புல்லுக்குக் கேழ்வரகு போடுவோம், அதே முறைதான். சம்பா கோதுமையை ஓர் இரவு ஊறவைத்து, ஈரப் பஞ்சின்மேல் நெருக்கமாகப் பரப்புங்கள். நம் ஊர் வெக்கைக்கு வேகமாக வளரும், டிசம்பர் 15 வாக்கில் போட்டால் போதும். முளைப்பாரிபோல இருட்டில் வைக்க வேண்டாம், முளை விட்டதும் ஜன்னலோர வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் வெளிறிப்போய்ச் சாய்ந்துவிடும். பஞ்சு ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும். ஒரு சாண் உயரம் வந்ததும் நடுவில் சிவப்பு ரிப்பன் கட்டிக் குடிலுக்கு முன்னால் வையுங்கள். அதற்கு மேல் வளர்ந்தால் கத்தரியால் சமமாக வெட்டிவிடலாம், திரும்பவும் வளர்ந்துவிடும்.