‘ஸ்பீத்தி’: கிரேக்க வீட்டுச் சொல்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்கர்கள் வீட்டை ‘ஸ்பீத்தி’ என்பார்கள். கிரேக்கம் தொன்மையான மொழி, ஆகவே இதுவும் பழஞ்சொல்தான் என்று முடிவுகட்டுவது எல்லாரும் செய்யும் தவறு. பழங்கிரேக்கத்தில் வீடு ‘ஓய்கோஸ்’. ஸ்பீத்தி லத்தீன் வரவு. விருந்தினர் தங்குமிடத்தைக் குறித்த ‘ஹோஸ்பிதியும்’ என்ற லத்தீன் சொல் கிரேக்கத்துக்குள் ‘ஒஸ்பீத்தியொன்’ ஆனது. பிறகு முன்னால் இருந்த ‘ஒ’ உதிர்ந்தது, வால் தேய்ந்தது. ‘ஒம்மாத்தியொன்’ மாத்தி (கண்) ஆனதும், ‘ஒப்ஸாரியொன்’ ப்ஸாரி (மீன்) ஆனதும் இதே வழியில்தான். இப்படி இணை காட்ட முடிந்தால்தான் ஒரு சொல்லின் பிறப்பை நம்பலாம். சைப்ரஸ்காரர்கள் இன்றும் கடைசி ‘ன்’னை விடாமல் ‘ஸ்பீத்தின்’ என்கிறார்கள். நம் ஆஸ்பத்திரியும் ஹோட்டலும்கூட அதே லத்தீன் குடும்பம்.

ஒலியை மட்டும் பார்த்து இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கோடு முடிச்சுப் போடாதீர்கள். அது திபெத்திய மொழிப் பெயர்; ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஓய்கோஸ் செத்துவிட்டது என்பதும் தவறு. இன்றைய உச்சரிப்பில் அது ‘ஈக்கோஸ்’. அமெரிக்க வெள்ளை மாளிகை ‘லெஃப்கோஸ் ஈக்கோஸ்’. அங்கே ஸ்பீத்தியைப் போட்டால், நாம் முதியோர் இல்லத்தை ‘முதியோர் வீடு’ என்பது போல் இடறும். பழைய ஓய்கோஸ் வெறும் சுவரும் கூரையுமல்ல: குடும்பம், அடிமைகள், நிலம், உடைமை எல்லாம் சேர்ந்தது. அதை நிர்வகிப்பதே ‘ஓய்கோனோமியா’. ‘எகானமி’ அதன் வழிவந்தது. கட்டடம் என்று மட்டும் பொருள் கொண்டால் இந்தத் தொடர்பு பிடிபடாது.

வாடகைக்கு விடும் வீட்டுக்காரர் ‘ஸ்பித்தோநிக்கோகீரிஸ்’. புதுச்சொல் ஸ்பீத்தி, பழஞ்சொல் ஈக்கோஸ் இரண்டும் இதற்குள் இருக்கின்றன. நடுவிலுள்ள ‘ந்’ வேர்ச்சொல்லைச் சேர்ந்ததல்ல. ‘தொன் இக்கோகீரின்’ (வீட்டுத் தலைவரை) என்பதைக் காது தவறாகப் பிரித்ததில், முன்சொல்லின் ‘ன்’ இங்கே ஒட்டிக்கொண்டது.

பேசும்போது ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘ஸ்பிட்டி’ என்று நாவை மடிக்காதீர்கள். நம் ‘த்தி’யே சரி, அழுத்தம் ‘ஸ்பீ’யில். பன்மை ‘ஸ்பீத்யா’, மூன்று அசையாக இழுக்கக் கூடாது. ‘வீட்டின்’ என்னும்போது அழுத்தம் கடைசிக்குத் தாவும்: ‘தூ ஸ்பித்யூ’. தன் வீட்டுக்குப் போகிறவர் ‘பாஓ ஸ்பீத்தி’ என்றால் போதும். இன்னொருவர் வீடு என்றால் ‘ஸ்தோ ஸ்பீத்தி’ என்று தொடங்கி, யாருடையது என்பதையும் சேர்க்க வேண்டும்.